ரொக்கம் அங்கே, பற்று இங்கே

மாதத்தின் முதல் வாரத்தில் நம் நகரங்களிலும் சிறு பட்டணங்களிலும் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். சம்பளம் கைக்கு வந்த குடும்பங்கள் பேரங்காடிக்குப் புறப்படுகின்றன. அங்கே குளிரூட்டிய கூடம் இருக்கிறது, தள்ளுவண்டி இருக்கிறது, 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற அட்டைகள் தொங்குகின்றன. வேறு சில குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதுமில்லை. கைப்பேசியில் விரலை வைத்தால் மூட்டை வாசலுக்கு வந்துவிடுகிறது. மூன்றாவது வாரத்தில் நிலைமை மாறுகிறது. கையிருப்புக் குறைந்த அதே குடும்பத்தின் பிள்ளை தெருமுனைக் கடைக்கு ஓடி, "அண்ணாச்சி, அம்மா கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிட்டு வரச் சொன்னாங்க, நோட்டுல எழுதிக்கிடச் சொன்னாங்க" என்கிறது. அண்ணாச்சியும் மறுவார்த்தை பேசாமல் எழுதிக்கொள்கிறார்.

ரொக்கம் அங்கே, பற்று இங்கே. இவ்வழக்கம் நீதியானதுதானா என்று நம் வாசகக் குடும்பங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

சிக்கனத்தை நாம் குறைகூற வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக ஐந்தும் பத்துமாகச் சேர்க்கும் தாய், கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைகிறதென்று மூன்று தெரு கடந்து நடந்தால், அவளைக் கடிந்துகொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. மாதம் தவறாமல் உணவும் உறையுளும் பெறும் குருவுக்கு அறவே இல்லை. நாம் பேசுவது, கூடுதலாக ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் அடுப்பு அணையாத குடும்பங்களைப் பற்றி. நம் பங்குகளில் அத்தகையோர் குறைவில்லை.

கடைக்காரரின் கணக்கு

தெருக்கடை எப்படி நடக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நூறு வீடுகளுக்கு ஒரு மளிகைக்கடை; ஒவ்வொரு வீடும் மாதம் 4,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்குகிறது. மொத்த விற்பனை 4,00,000 ரூபாய். கொள்முதல் விலை போக நூற்றுக்குப் பத்து வீதம் நிற்பதாகக் கொண்டால் 40,000 ரூபாய். கடை வாடகை, மின்கட்டணம், உதவிக்கு நிற்கும் பையனின் சம்பளம், எலி கடித்த மூட்டை, கெட்டுப்போன காய்கறி ஆகிய அனைத்தும் போக மிஞ்சுவதே அவர் குடும்பத்தின் வருமானம்.

இனி, ரொக்கம் கொடுக்கும் அறுபது வீடுகள் பேரங்காடிக்குப் போய்விடுகின்றன. பற்று எழுதும் நாற்பது வீடுகள் மட்டும் நிற்கின்றன. விற்பனை 1,60,000 ரூபாய். நிற்பது 16,000 ரூபாய். ஆனால் வாடகை ஒரு காசும் குறையாது. அந்த 1,60,000 ரூபாயும் கல்லாவில் இல்லை, நோட்டில் இருக்கிறது. மொத்த வியாபாரியோ தம் பணத்துக்கு நாள் குறிக்கிறார். இவ்வெண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. கணக்கின் போக்கு எவ்வூரிலும் ஒன்றே. இப்படிப்பட்ட கடை ஓராண்டு தாங்கலாம். அதற்குமேல் தாங்குவது அரிது.

இக்கணக்கில் மறைந்திருக்கும் உண்மை ஒன்றுண்டு. பற்று எழுதும் நாற்பது வீடுகளுக்குக் கடன் கொடுப்பவர் கடைக்காரர் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அக்கடனைத் தாங்கி நிற்பது ரொக்கம் கொடுக்கும் அறுபது வீடுகளின் பணமே. அன்றாடம் கல்லாவில் விழும் அப்பணத்தைக் கொண்டுதான் அவர் மறுநாள் சரக்கெடுக்கிறார். சரக்கிருப்பதால்தான் கொத்தனார் வீட்டுக்கும் பீடி சுற்றும் பெண்ணின் வீட்டுக்கும் பற்று எழுத முடிகிறது. வசதியுள்ளவர் விலகும்போது முதலில் அடிபடுவது கடைக்காரர் அல்லர். கூலிவேலை செய்யும் குடும்பமே. கடைக்காரர் முதல் வேலையாகப் பற்றைத்தான் நிறுத்துவார். வேறு வழி அவருக்கு இல்லை.

பற்று நின்ற குடும்பம் எங்கே போகும்? பேரங்காடியில் நோட்டு கிடையாது. ஐந்து ரூபாய்க்குத் தேயிலைத்தூள், பத்து ரூபாய்க்கு எண்ணெய், அரை மூடித் தேங்காய் ஆகியவை அங்கே கிடைக்கமாட்டா. ஐந்து கிலோ பொட்டலம் மலிவுதான்; ஐந்து கிலோவுக்குரிய பணம் ஒருசேரக் கையில் இருப்பவருக்கே அது மலிவு. 2011 சூன் முதல் நியாயவிலைக் கடைகளில் இலவசமாகக் கிடைத்துவரும் அரிசி, பசியை ஓரளவு தடுத்திருக்கிறது. பருப்புக்கும் புளிக்கும் சோப்புக்கும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் பணம் வேண்டுமே! வாசலுக்கே வந்து பணம் கொடுக்கும் வட்டிக்காரரிடம் போகிறார்கள். 2003-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் இயற்றினார்கள். சட்டம் இருக்கிறது, வட்டியும் இருக்கிறது. அண்ணாச்சியின் நோட்டில் வட்டி என்றொரு பத்தி இருந்ததில்லை என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

பெரிய கடையின் மலிவு எங்கிருந்து வருகிறது?

பெரிய கடைகளின் மலிவு முழுவதும் சூது என்று சொல்வது நேர்மையாகாது. அவை உற்பத்தியாளரிடம் நேரே பெருமளவில் வாங்குகின்றன. தெருக்கடைக்குச் சரக்கு வந்து சேருமுன் இடையில் இருவர் மூவர் இலாபம் எடுக்கிறார்கள். பில் கிடைக்கிறது, பொருளின் நாள் தெரிகிறது, நம் கையாலேயே பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் உண்மையான நன்மைகள்.

எனினும் மலிவின் வேறு ஊற்றுகளும் உண்டு. கண்ணுக்கு நேரான தட்டில் தம் பொருளை வைப்பதற்காக நிறுவனங்கள் கடைக்குப் பணம் கொடுக்கின்றன. தள்ளுபடியின் ஒரு பகுதி அங்கிருந்து வருகிறது. முதல் பெருத்த நிறுவனம் சில ஆண்டுகள் நட்டத்துக்கு விற்று, எதிர்க்கடைகள் மூடியபின் விலையை உயர்த்துவதும் உலகம் கண்ட உத்தியே. சந்தையில் மேலோங்கி நிற்கும் நிறுவனம் இவ்வாறு அடக்கவிலைக்கும் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிப்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் குற்றமெனக் கொள்கிறது. ஆனால் 'மேலோங்கி நிற்கிறது' என்று மெய்ப்பித்து முடிப்பதற்குள் தெருமுனைக் கடையில் பூட்டுத் தொங்கும்.

இன்னோர் ஊற்று மனிதரின் கால்கள். சென்னை தியாகராயநகர் ரங்கநாதன் தெருவின் பெரிய கடைகளில் பணிபுரியும் இளைஞரின் வாழ்வை 2010-இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' என்னும் திரைப்படம் காட்டியபோது, தென்மாவட்டங்களின் பல குடும்பங்கள் தம் பிள்ளைகளையே திரையில் கண்டன. காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே வேலை பார்க்கும் அப்பிள்ளைகளுக்கு உட்கார ஓர் இருக்கை தரவேண்டும் என்று சொல்வதற்கும் ஒரு சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. கேரளம் 2018-இல் அதைச் செய்தது. தமிழ்நாடு 2021-இல் செய்தது. ஒரு நாற்காலிக்காகச் சட்டமன்றம் கூடவேண்டியிருந்தது என்பதை நினைக்க நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நாம் வாங்கிய சேலை அவ்வளவு மலிவாக இருந்ததற்கு அந்தக் கால்வலியும் ஒரு காரணம்.

அரசுகள் ஒன்றும் செய்யாமல் இல்லை. 2012 செப்டம்பரில் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வரை அந்நிய முதலீட்டை நடுவண் அரசு அனுமதித்தபோது, தமிழக அரசு அதற்கு இங்கே இடமில்லை என்றது, வணிகர்கள் கடையடைத்தார்கள். முன்வாசல் அடைபட்டது. பின்னர்க் கைப்பேசி வழியே பக்கவாசல் திறந்துகொண்டது. ஆகவே சட்டம் வந்து தெருக்கடையைக் காக்கும் என்று காத்திருப்பதில் பெரும்பயன் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

வாங்குபவனுக்கும் அறம் உண்டு

குருமடத்தில் ஒழுக்க இறையியல் பயின்ற காலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டினரான புனித தோமா அக்குவினாஸ் 'நியாய விலை' பற்றி எழுதியதைப் படித்தோம். பொருளின் மதிப்புக்கு மேலாக விற்பது அநீதி என்று மட்டும் அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. மதிப்புக்குக் குறைவாக வாங்குவதும் தன்னளவில் அநீதியே என்கிறார். விற்பவனைக் கடியும் மறையுரைகள் பல கேட்டிருக்கிறோம். வாங்குபவனைப் பற்றிய இந்தப் பாதியை ஏனோ நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் வெளியிட்ட 'காரித்தாஸ் இன் வெரித்தாத்தே' என்னும் சுற்றுமடலும் இதே நரம்பைத் தொடுகிறது. ஒரு பொருளை வாங்குவது வெறும் பொருளாதாரச் செயலன்று, எப்போதும் ஓர் அறச்செயலும் ஆகும் என்பது அதன் கருத்து. திருத்தந்தை பிரான்சிசும் 2015-இல் 'லவுதாத்தோ சி' மடலில் அதனை நினைவூட்டினார்.

அப்படியானால் தெருக்கடைக்காரர் சொன்ன விலைக்கெல்லாம் தலையசைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அவருக்கும் அறம் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, தொலைபேசியும் மின்சாரமும் அற்ற தெருக்களில் முகம் பார்த்துப் பற்றெழுதிக் கொடுத்த கடைகள் உண்டு. பால் பொட்டலத்தைப் பல மடங்கு விலைக்கு விற்ற கடைகளும் உண்டு. இரண்டையும் மக்கள் மறக்கவில்லை. 2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் தொடங்கிய நாட்களிலும் அப்படியே. இணைய வணிகங்கள் 'இப்போது இயலாது' என்று கைவிரித்த வாரங்களில், குறித்த சில மணி நேரம் மட்டும் திறந்து, கயிறு கட்டி மக்களை வரிசைப்படுத்தி, நோயின் அச்சத்துக்கிடையே அரிசி அளந்தவர் தெருக்கடைக்காரரே. அதே நாட்களில் விலையைக் கூட்டியவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

எடையிலும் ஒரு வார்த்தை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்கவேண்டும் என்பது சட்டம். முத்திரை இருக்கிறதா என்று கேட்பது கடைக்காரரை அவமதிப்பதாகாது. பையில் இருவகை எடைக்கற்களை வைத்திருப்பதை இணைச்சட்ட நூல் கண்டிக்கிறது. தராசு மாறிவிட்டதேயன்றிச் சோதனை மாறவில்லை.

உள்ளூர்க் கடை கெட்டுப்போனால் ஏழைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு வரலாற்றில் ஒரு நல்ல சான்று உண்டு. 1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேல் என்னும் ஆலைநகரில், கலப்பட மாவும் கடன்சுமையும் கண்டு சலித்துப்போன நெசவாளர் முதலிய இருபத்தெட்டுப் பேர் கூடி, தமக்கென ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு போன்ற சில பண்டங்களோடு அது தொடங்கியது. கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, வருவாயில் பங்கு என்பவை அவர்களுடைய விதிகள். அவ்வழி வந்ததே 1904-இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். ஆக, தெருக்கடை தன் கடமையில் தவறினால் மக்கள் வேறு வழி தேடுவதும் நியாயமே.

ரோச்டேல் தோழர்கள் இன்னொரு விதியும் வைத்திருந்தார்கள்: கடன் கிடையாது, ரொக்கம் மட்டுமே. பற்று என்பது தொழிலாளியைக் கடைக்காரனுக்கு அடிமையாக்கும் விலங்கு என்று அவர்கள் கண்டிருந்தார்கள். பற்றைப் புகழ்ந்து எழுதிவரும் நாம் இதை மறைப்பது முறையன்று. பாக்கி நிற்கும் கடையில், கொடுத்ததை வாங்கிக்கொண்டு சொன்ன விலையைத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டிய நிலை நம்மூர்களிலும் உண்டு. எனினும் வாரக்கூலி வாங்கும் மனிதனுக்கு, மழை பெய்த வாரத்தில் கூலி இல்லை. அவ்வாரத்துக்கு ரோச்டேல் விதி சோறு போடாது. பற்று வேண்டும், அளவோடு வேண்டும், கூலி கிடைத்த அன்றே ஒரு பகுதியாவது திருப்ப வேண்டும்.

திருப்பாதவர்கள் இருக்கிறார்கள். பாக்கி வைத்துவிட்டு, அக்கடை இருக்கும் தெருவையே தவிர்த்து, சுற்றுவழியாகக் கோயிலுக்கு வரும் குடும்பங்களை நாம் அறிவோம். அதைவிட வருத்தம் தருவது, பழைய பாக்கியை அப்படியே விட்டுவிட்டு, புதிய ரொக்கத்தைப் பேரங்காடியில் செலவிடுவது. கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்கலாகாது என்னும் கட்டளையை முதலாளிகளுக்கு மட்டுமே உரியதாக நாம் ஒதுக்கிவிட்டோம். ஒரு கடைக்காரர் நம்மிடம் சொன்னார்: "சாமி, பாக்கி கெடக்கட்டும். ஆள் நடமாட்டத்த நிறுத்திட்டாங்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

காசு எங்கே போய்த் தங்குகிறது?

ஊரில் செலவிடும் காசு ஊரிலேயே சுற்றிவரும் என்று பொருளியலார் சொல்வதைப் பலர் ஏட்டுச்சுரைக்காய் என்று நினைக்கக்கூடும். தென்மாவட்டத்தார் அப்படி நினைக்கவேண்டியதில்லை. விருதுநகர், சிவகாசி போன்ற ஊர்களின் வணிகர், தாம் கைமாற்றும் சரக்கில் சிறு பகுதியை 'மகமை' என்று ஒதுக்கிப் பொதுக்காரியங்களுக்குச் செலவிட்டார்கள். வீடுகளில் பெண்கள் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைத்தார்கள். பிடி அரிசி நம் பங்குக் குடும்பங்களுக்கும் தெரிந்ததுதான். இவ்விரண்டின் துணையோடு 1889-இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. அப்பள்ளியில் படித்து, தந்தையை இழந்ததால் படிப்பை விட்டு, மாமன் கடையில் வேலைக்கு நின்ற சிறுவனைப் பின்னாளில் நாடு காமராசர் என்று அறிந்தது. மிளகாய் மூட்டையும் பஞ்சுப்பொதியும் விற்ற காசு பள்ளிக்கூடமாகத் திரும்பி வந்தது. கைப்பேசியில் நாம் வாங்கும் சோப்பின் இலாபம் எவ்வூரில் என்னவாகத் திரும்புகிறது என்று எவராலும் காட்ட இயலாது.

இது வணிகர் சாதியைப் புகழும் பேச்சாக எவரும் கொள்ளவேண்டாம். உள்ளூர்க் கடை என்ற பெயரில் 'நம் ஆள் கடை' பார்த்து வாங்குவது வேறொரு நோய். அதைப்பற்றி இன்னொரு முறை எழுதுவோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பங்குத் திருவிழா நெருங்கினால், கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே நம் குழுவினர் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் நுழைவது எங்கே? தெருக்கடையில். பந்தலுக்கு, ஒலிபெருக்கிக்கு, பள்ளி ஆண்டுவிழாவுக்கு, இளைஞர் விளையாட்டுப் போட்டிக்கு என்று ஆண்டில் எத்தனை ரசீது! கடைக்காரர் இந்துவாயினும் இசுலாமியராயினும் முகம் சுளிக்காமல் ஐந்நூறும் ஆயிரமும் எழுதுகிறார். இணைய வணிகத்திடம் எவரும் ரசீது நீட்டியதில்லை. நீட்டினாலும் வாங்க அங்கே ஆள் இல்லை. இவ்வாறு நன்கொடை பெறும் பங்கே அசன விருந்துக்கான அரிசியையும் பருப்பையும் எங்கே மலிவு என்று விலைப்பட்டியல் கேட்டு, வெளியூர் மண்டியில் லாரி ஏற்றுகிறது. ஏழைகளுக்கு மாதந்தோறும் மளிகைப் பை கொடுக்கும் வின்சென்ட் தெ பவுல் சபையினர் சிலரும் பேரங்காடியின் தள்ளுபடி நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். நோக்கம் நல்லதே, மிச்சமாகும் பணத்தில் இன்னொரு பை கொடுக்கலாம் அல்லவா என்பது அவர்கள் வாதம். அந்தப் பையை வாங்கும் குடும்பத்துக்கு மாதத்தின் மற்ற நாட்களில் பற்றெழுதுகிறவர் யார் என்றும் அவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

நாம் அறிந்த ஒரு பங்கில் சில ஆண்டுகளாக வேறு முறை ஒன்று நடந்துவருகிறது. அசனத்துக்கான சரக்குப் பட்டியலை ஊர்க் கடைக்காரர் மூவருக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். மூவரும் ஒன்றாக மண்டிக்குச் சென்று ஒரே வண்டியில் ஏற்றி வருகிறார்கள். மண்டி விலையைச் சீட்டோடு காட்டிவிட்டு, ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை ஆகியவற்றோடு மூட்டைக்கு இவ்வளவு என்று முன்னரே பேசிய தொகையைப் பெற்றுக்கொள்கிறார்கள். நேரே மண்டியில் வாங்குவதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகிறது. அத்தொகையைக் கணக்கு வாசிக்கும் நாளில் ஒளிக்காமல் தனி வரியாகப் படிக்கிறார்கள். முதலாண்டில் இருவர் எழுந்து மறுப்புச் சொன்னார்களாம்; அதன்பின் எவரும் கேட்கவில்லை. சரக்கு இறங்கிய அன்று மாலையே மூவருக்கும் பணம் ரொக்கமாகப் போய்விடுகிறது.